மகளின் முதுகுக்கு நான் தைத்த சாய்மானம்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிம்பாங் பூலாயில் குஷன் கடை எங்கே என்று எந்தக் கல் லோரிக்காரரைக் கேட்டாலும் என் கடை வாசலில்தான் கொண்டுவந்து விடுவார். இரண்டு மாடிக் கட்டடம். கீழே பட்டறை, மேலே வீடு. வாடகை இல்லை, சொந்தம். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை போட்டு எங்களை வெளியே அனுப்பியபோது என்னிடம் இருந்தது ஒரு கால்மிதி தையல் மெஷின். அதை வைத்து லோரி சீட், பஸ் சீட், முடிவெட்டும் கடை நாற்காலி, பல் டாக்டர் நாற்காலி எல்லாம் தைத்தேன். ஒரு பெரிய மனிதரின் படகுக்குக்கூட மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறேன். தோட்டத்துக் கோயிலை இடித்தபோது சாமியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து வேறு இடம் பார்த்து வைத்தவனும் நான்தான். ஒரு மகளைப் பெற்று, அவளைக் கணக்காய்வாளர் வேலைக்குப் படிக்க வைத்தேன். "கையெழுத்துப் போடவே யோசிக்கிறவனுக்குக் கடை எதுக்கு?" என்று கேட்டவர்கள் பிறகு அதே கடையில் வந்து தங்கள் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, சீட் தைத்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது பொம்பளைகள் சமாச்சாரம். ஒன்றும் தெரியாத கிழவன் எதையோ உளறுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் மனைவி போன வருஷம் காலமானாள். முதலில் சர்க்கரை, அப்புறம் கிட்னி, அப்புறம் ஒரு புதன்கிழமை. நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று இல்லை, வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். "கல்லு மாதிரி ஆளு லா, எப்படித் தாங்கிக்கிறாரு பாரு" என்று கோப்பிக் கடையில் பேசிக்கொண்டார்களாம். தாங்குகிற மாதிரி எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன்.

மகளுக்கு அப்போது நான்கு மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் பிணத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வந்திருந்த பெரியவர்கள் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அவளைப் பக்கத்துக் கடையின் மேல்மாடியில் உட்கார வைத்தார்கள். வண்டி கிளம்பும்போது அவள் அங்கே ஜன்னல் ஓரம் நின்றாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலையில் கல் லோரிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றை நிறுத்துவதற்கு ஆள் வேண்டியிருந்தது.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வரவேண்டும். அது எங்கள் பழக்கம். தாய் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவது? மனைவியின் தங்கை ஆயர் தாவாரில் இருக்கிறாள். அவளுக்கு முட்டி வலி, நான்கு எட்டு நடந்தால் உட்கார இடம் தேடுவாள். மருமகனுக்குக் கோலாலம்பூரில் வேலை, வார இறுதியில் மட்டும் வருவார். அவருடைய அம்மா ஈப்போவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷிதான். எதைச் சொன்னாலும் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஏழாம் மாதம் ஃபோன் செய்தார்.

"அண்ணை, உங்கட வீட்டில பொம்பிளை ஆள் இல்லை. பிள்ளை என்னெண்டு சமாளிப்பா?"

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் சம்பந்தி. எங்க பழக்கம்."

"எங்கட பழக்கமும் அதுதான். ஆனா, அதுக்குத் தாய் வேணுமே."

கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். கடையில் யாரும் இல்லை.

ஆனால் மகள் தன் புருஷனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள், அம்மாவின் அறையில்தான் இருப்பேன் என்று. பெட்டியோடு வந்து இறங்கினாள். சம்பந்தியம்மாவும் கூடவே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கீழே இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார். பழைய காலத்துக் கடைவீட்டுப் படி. செங்குத்தாக இருக்கும்.

"சரி, அண்ணை. இந்தப் படியில பிள்ளை தானா ஏறி இறங்கிற மட்டும் இங்க இருக்கட்டும். ஏலாமல் போற அண்டைக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் படியில விழுந்தா யார் பதில் சொல்லிறது?"

நியாயமான பேச்சுதான். நான் ஒத்துக்கொண்டேன். மகளும் தலையாட்டினாள். பிறகு மனைவியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டாம் மாதம் தொடங்கியது, முதுகு வலியும் வந்தது. முதலில் உட்கார்ந்து எழுந்தால் வலித்தது. பிறகு புரண்டு படுத்தால். கடைசியில் செருப்புக்குள் காலை நுழைப்பதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து நின்றாள். முதுகின் அடிப்பக்கம், இடது ஓரத்தில் ஓர் இடம். அங்கே தொடங்கித் தொடையின் பின்னால் ஓடி, கெண்டைக்காலில் போய் நிற்குமாம்.

"யாரோ ஸ்க்ரூ டிரைவர வச்சித் திருகுற மாதிரி இருக்குப்பா."

"எந்தப் பக்கமா திருகுது?"

"ஏம்ப்பா, நீங்க வந்து கழட்டப் போறீங்களா?"

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. லோரி ஓட்டுகிறவர்கள் முதுகு வலி என்று என்னிடம் வந்தால் நான் இதைத்தான் முதலில் கேட்பேன். எந்தப் பக்கம், எப்போது, உட்கார்ந்தாலா நின்றாலா? பதிலைப் பொறுத்து சீட்டை ஏற்றுவேன், இறக்குவேன்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த நர்ஸ், மிஸ்ஸி என்போம், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார். வயிற்றை அளந்தார். "பேபி நல்லா இருக்கு, அங்கிள். இந்த வலி நெறைய பேருக்கு வரும்" என்றார். ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும், வெந்நீர்ப் பை கொஞ்ச நேரம் வைக்கலாம், கனமாக எதையும் தூக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காலில் பலமே இல்லாமல் போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரைப் பார்க்கத் தேதி கொடுத்தார். அது தள்ளி இருந்தது.

தலையணை வைத்தோம். வெந்நீர்ப் பை வைத்தோம். கொஞ்சம் கேட்கும், மறுபடி வரும். நான் கடையில் தைத்துக்கொண்டிருப்பேன். மேலே அவள் கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது ஒரு சத்தம் போடுவாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு போடுகிற சத்தம். நான் மெஷினை நிறுத்துவேன். காலடிச் சத்தம் கேட்டதும் மறுபடி மிதிப்பேன். அவ்வளவுதான். பெற்ற மகள் வலியில் முனகுகிறாள், இவனுக்கு நெஞ்சு பதறவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டேன். பதறவில்லை. போன வருஷத்தோடு அந்த இடம் மூடிக்கொண்டது போல் இருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருந்தது, மறுபக்கமும் குழாய் வாங்கிப் பொருத்தினேன். கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன், எழுந்திருக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று.

அதன் பிறகுதான் துணி விஷயம்.

தோட்டத்தில் காண்டா வாளி தூக்குவார்கள். தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி. அதைத் தூக்கும் ஆண்களும் பெண்களும் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கி வரிந்து கட்டியிருப்பார்கள். கட்டினால் முதுகு நிற்கும். எங்கள் வரிசையில் இருக்கும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி போன வருஷம் பிள்ளை பெற்றாள். அவளும் இடுப்பிலிருந்து நெஞ்சு வரை நீளமாக ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெங்கோங் என்று அதற்குப் பெயர். ஆகா, இவர்களுக்கும் இந்த வித்தை தெரியும் போல என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். நல்ல காடாத் துணியாகப் பார்த்து வாங்கி, நீளமாக வெட்டி, இரண்டு ஓரமும் மடித்து அடித்து, முனையில் நாடாவும் வைத்துத் தைத்தேன். என் தையலில் ஓர் இழை கோணாது. பிறகு பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு உருவிவிடும் வயதான அம்மாள் ஒருவரை, மாக்சிக் என்போம், காடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அவர் மேலே வந்து மகளைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய துணியைப் பார்த்தார்.

"அனே, இது என்னா?" என்று மலாயில் கேட்டார். அண்ணே என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"பெங்கோங். கட்டிவிடுங்க. முதுகு வலி."

அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு தாங்கவில்லை.

"அலாமாக், அனே! இது பிள்ளை பொறந்தப்புறம் கட்டுறது லா! இப்ப இறுக்கிக் கட்டினா பிள்ளை எந்தப் பக்கம் போகும்? வாய் வழியா வரும்!"

மகளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். முதலில் கண்ணை விரித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் முதுகு இழுக்கிறது. "ஐயோ... ப்பா... முடியல லா... வலிக்குது" என்று தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள், "அம்மா இருந்திருந்தா இன்னிக்கு ஒங்கள வெளுத்து எடுத்திருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றது. மூன்று பேரும் துணியைப் பார்த்தோம்.

மாக்சிக் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தையலை விரலால் தடவினார். "நல்லா தச்சிருக்கீங்க, அனே. எடுத்து வைங்க. பிள்ளை வந்தப்புறம் இதையே கட்டிவிடறேன்" என்றார். வயிற்றைத் தொடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தோளையும் முதுகையும் மெதுவாகத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரசவத்துக்குப் பிறகு அந்தத் துணியைத்தான் கட்டினார்கள். ஆகவே நான் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் முன்கூட்டியே செய்துவிட்டேன்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. மேலே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று மகள் ஒரு மதியம் பட்டறைக்கு இறங்கி வந்தாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து, ஒவ்வொரு படியாக. அப்போது ஒரு பழைய பஸ்ஸின் கடைசி வரிசை சீட்டு வேலைக்கு வந்திருந்தது. நீள சீட்டு. புது ஸ்பாஞ்சு போட்டு, காலில்லாமல், பலகை மேல் தாழ்வாக வைத்திருந்தேன். அவள் அதில் உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. பிடித்துக்கொண்டே கீழே முட்டி போட்டாள். அப்படியே கைகளை மடித்து சீட்டின் மேல் போட்டு, நெஞ்சைச் சாய்த்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிறு கீழே தொங்கியது. அசையவில்லை.

நான் மயக்கம் என்று நினைத்து எழுந்து போனேன்.

"என்னாம்மா?"

"பேசாதீங்கப்பா. வலி இல்ல."

"இல்லன்னா? கொறஞ்சிருக்கா?"

"இல்லன்னா இல்ல. அப்பிடியே விடுங்க."

சீட்டுக்கு வந்திருந்த சீனர், கல் லோரி ஓட்டுகிறவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்; கடை முதலாளி என்பதால் என்னைத் தவுக்கே என்பார். எட்டிப் பார்த்தார். "தவுக்கே, ஒங்க சீட்டு அவ்ளோ நல்லா? ஆள் வந்து கும்பிடுது!" என்றார். மகள் முகத்தைத் தூக்காமலே, "அங்கிள், நீங்களும் முட்டி போட்டு கும்பிடுங்க, வெல கொறைப்பாரு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, சத்தம் போடாமல் நடந்து போய் வெளியே நின்று புகைத்தார்.

அவள் அன்று அப்படியே தூங்கிப் போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது இங்கே வந்த பிறகு அன்றுதான். நான் மெஷினை ஓட்டவில்லை. கையால் தைக்கிற வேலையாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

தினமும் இறங்கி வந்து அதில் சாய ஆரம்பித்தாள். இந்தச் சமயம் பார்த்துத்தான் சம்பந்தியம்மா சொல்லாமல் வந்து நின்றார். கையில் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு. பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்தினார். மருமகள் தரையில் முட்டி போட்டு, பஸ் சீட்டின் மேல் குப்புறக் கிடக்கிறாள். சுற்றிலும் நூல், தோல் துண்டு, பசை டின்.

"என்ன அண்ணை இது? வயித்துப் பிள்ளைத்தாச்சிய இந்தப் பசை மணத்துக்குள்ள வச்சிருக்கிறியள்? மூச்செடுக்கிறது அவ மட்டுமில்லை, பிள்ளையும்தான்!"

"மாமி, இதுல சாஞ்சாதான் எனக்கு வலி நிக்குது."

"வலி நிக்கட்டும். மணம் நிக்கேல்லையே."

அவர் சொன்னது சரி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பசையோடு கிடந்தவனுக்கு அது மணப்பதே இல்லை. டின்னை எடுத்து மூடி, பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். பசை வேலை முழுவதையும் ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். சம்பந்தியம்மா போகும்போது, "அடுத்த ஞாயிறு வருவன். படியில இறங்கிறாவோ எண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் சீட்டை மேலே ஏற்ற முடியாது. அது இன்னொருவருடைய சாமான் வேறு. ஆகவே மேலேயே ஒன்று செய்வது என்று முடிவு செய்தேன். ஓர் இருக்கை இல்லை அது, உட்காருவதற்கு இல்லை. சாய்மானம் என்றுதான் சொல்லவேண்டும். அடியில் பஸ் சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஸ்பாஞ்சு, மேலே சோபாவுக்குப் போடுகிற மெது ஸ்பாஞ்சு. பசை இல்லாமல், ஊசி நூலால் இழுத்துத் தைத்தேன். அவள் முட்டி போட்டுச் சாய்ந்து பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க" என்பாள். எழுந்து தள்ளி நிற்பாள். எழுந்திருப்பதற்கே நேரம் ஆகும். நான் கத்தியால் ஸ்பாஞ்சைச் சீவுவேன். மறுபடி சாய்வாள். "நெஞ்சு அழுத்துது." மறுபடி சீவுவேன். "கன்னத்துக்கிட்ட பள்ளம் வேணும்." பள்ளம் எடுத்தேன். முட்டிக்குத் தனியாக ஒரு மெத்தை. ஒரு முழுப் பகல் இருவரும் இதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. உயரம், சரிவு, கெட்டி, மெது. இரண்டு பேருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

மேலுறைக்கு ரெக்சின் போட்டால் வேர்க்கும். பருத்தி வேண்டும். மகள் அம்மாவின் அலமாரியைத் திறந்து, பூ அச்சுப் போட்ட பழைய பாத்தேக் கைலி ஒன்றை எடுத்து வந்தாள்.

"இதப் போடுங்கப்பா."

"இது நல்லா இருக்குதே. கட்டிக்கலாமே."

"யாரு கட்டப் போறா?"

விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினேன். கத்திரிக்கோல் அதன் பாட்டுக்குப் போனது. ஒன்றும் தோன்றவில்லை. துணி எத்தனையோ முறை துவைத்ததால் மெலிந்து போயிருக்கிறது, இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இரட்டையாக மடித்துத் தைத்தேன்.

உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரும் அந்த வாரத்தில் அவளைப் பார்த்தார். ஒரு தடவைதான். வயிற்றைத் தாங்குகிற பெல்ட் கொடுத்தார். எந்தக் காலை முதலில் படியில் வைப்பது, எப்படிப் புரண்டு எழுந்திருப்பது என்று சொல்லிக் கொடுத்தார். முட்டி போட்டுச் சாய்வது நல்லதுதான் என்றாராம். அது உதவவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். மருமகனும் வந்திருந்தார். காடி வாசலில் நின்றது, பின் கதவு திறந்திருந்தது. பெட்டி வைக்க இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்தேன். அன்றைக்கு என்று காலையிலிருந்தே அவளுக்கு வலி. படியின் மேல் முனையில் வந்து நின்றாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள். இடது காலை இறக்கப் பார்த்தாள். கால் இறங்கவில்லை. மறுபடி பார்த்தாள். உதடு வெளுத்துப் போயிற்று.

மருமகன் இரண்டு படி ஏறினார். "விடுமா, நான் தூக்கிட்டு வாரேன்."

"தொடாதீங்க" என்றாள்.

"பிள்ளை, பிடிவாதம் வேண்டாம்" என்றார் சம்பந்தியம்மா. அவர் குரலும் சரியாக இல்லை. "ஒருத்தரும் உம்மைக் குறை சொல்லேல்ல. அங்க படி இல்லை. நான் இருக்கிறன்."

நான் கீழே நின்றேன். ஒத்துக்கொண்டவன் நான். அந்த அம்மாள் கூட்டிக்கொண்டு போனால் வீட்டில் ஒரு தட்டுதான் கழுவ இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் ஒன்றும் ஆகவில்லை எனக்கு. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

மகள் என்னைப் பார்த்தாள். "மாமி, கொஞ்சம் நேரம் குடுங்க" என்று சொல்லித் திரும்பிப் போனாள். சாய்மானத்தில் முட்டி போடும் சத்தம் கீழே கேட்டது. நாங்கள் மூன்று பேரும் பட்டறையில் நின்றுகொண்டிருந்தோம். மருமகன் கைப்பேசியை எடுத்தார், வைத்தார். சம்பந்தியம்மா ஒரு லோரி சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் கோப்பி போட்டுக் கொடுத்தேன். யாரும் குடிக்கவில்லை. கோப்பி ஆறியது.

பிறகு அவள் வந்தாள். பெல்ட் கட்டியிருந்தாள். சொல்லிக் கொடுத்தபடி இடது காலை முதலில் இறக்கினாள். மற்றக் காலை அதன் பக்கத்தில் வைத்தாள். நின்றாள். மூச்சு விட்டாள். அடுத்த படி. பாதியில் ஒரு தடவை நின்று கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டார். கடைசிப் படியும் இறங்கி, சிமெண்டுத் தரையில் இரண்டு காலையும் வைத்தாள்.

"மாமி, எறங்கிட்டேன். இப்ப திரும்ப ஏறப் போறேன்."

சம்பந்தியம்மா அவள் நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சரியான பிடிவாதக்காரி" என்றார். பிறகு என்னிடம், "அண்ணை, சாப்பாட்டை நான் கொண்டுவந்து தாறன். கடைச் சாப்பாடு குடுக்காதேங்கோ" என்றார். காடியின் பின் கதவைத் தானே போய்ச் சாத்தினார்.

அன்று மாலை ஒரு வேன் சீட்டின் உறையை உள்ளும் புறமும் மாற்றிப் பிடித்துத் தைத்துவிட்டேன். முழுக்கப் பிரித்து மறுபடி தைத்தேன். எனக்கு அப்படி நடப்பதே இல்லை.

வலி போய்விடவில்லை. கடைசி வரைக்கும் இருந்தது. வலிக்கும்போது போய்ச் சாய்ந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. சாய்ந்துகொண்டே அலுவலக வேலையைக் கணினியில் பார்த்தாள், சம்பந்தியம்மாவோடு ஃபோனில் வாதாடினாள், ரம்புத்தான் உரித்துத் தின்றாள். பிரசவ வலி எடுத்த நாளில் என் வீட்டுப் படியில் தானாக இறங்கி வந்துதான் காடியில் ஏறினாள். நான்தான் ஓட்டினேன். ஈப்போ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மிஸ்ஸி காட்டினார், பார்த்தேன். தலையில் முடி நிறைய இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. நல்ல முடி என்றேன்.

முப்பதாம் நாள் விசேஷம் சம்பந்தி வீட்டில் நடந்தது. எங்கள் வீட்டில் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் விசேஷம் வைக்கக் கூடாது. சரி. மருமகன் எழுந்து நின்று பேசினார். டாக்டருக்கு நன்றி, மிஸ்ஸிகளுக்கு நன்றி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவருக்கு நன்றி, சாப்பாடு சுமந்த அம்மாவுக்கு நன்றி, உடம்பு உருவிவிட்ட மாக்சிக்குக்கு நன்றி. கடைசியில், "மாமாவுக்கும் நன்றி, வீட்ல எடம் குடுத்ததுக்கு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "பாவம், தாயில்லாத பொண்ணு, அந்த வீட்ல தன்னந்தனியா எப்படித்தான் சமாளிச்சிச்சோ" என்று யாரிடமோ சொன்னார். நான் அவருக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒன்றும் பேசவில்லை. கேசரி சாப்பிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் இடம் கொடுத்தவன் இல்லை. இடம் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுகிறவன் வேலை. அவள் தன்னந்தனியாகவும் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை அவள் தாய் எப்படிப் பார்த்திருப்பாளோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறையை அந்த வீட்டில் செய்தவன் நான். என் பேத்தி பெரியவளாகி, தான் பிறந்த கதையைக் கேட்டால் டாக்டரைச் சொல்லுங்கள், அப்பத்தாவைச் சொல்லுங்கள், யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள். எல்லோரும் செய்தார்கள். அதோடு, உன் அம்மா கடைசி நாள் வரைக்கும் தன் தாய் வீட்டில் தங்கினாள், தங்க முடிந்தது தாத்தாவால்தான் என்றும் சொல்ல வேண்டும். கடைசியில் சேர்த்து இழுத்துச் சொல்லக் கூடாது. முதலில் சொல்ல வேண்டும்.